யார் வேண்டுமானாலும் போடலாம் எங்கள் மோட்டாரை

வரப்பில் வழுக்கி விழுந்த அம்மாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்த பிறகும், வயலில் போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்காக மறுபடி அத்தனை தூரம் நடந்தேன். பாதி வழியில்தான் யோசனை வந்தது: இதை வீட்டிலிருந்தே நிறுத்தினால் என்ன?

கல்லூரிக்கு எடுத்துப்போன பழைய லேப்டாப்பைச் சர்வராக்கினேன். அது சொல்கிறபடி மோட்டாரைப் போட்டு நிறுத்த, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிம் போட்ட சின்ன போர்டு. ஒரே வலைப்பக்கம், அதில் ‘போடு’, ‘நிறுத்து’ என்று இரண்டு சுட்டிகள். ஷார்ஜாவிலிருக்கும் அப்பாவும் இயக்கட்டுமே என்று வீட்டு ரவுட்டரில் வெளியுலகுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டேன். கடவுச்சொல்லும் வைத்தேன். அப்பா அதை மறந்துவிட்டு வேலைக்கு நடுவே கூப்பிடுவார்.

“அந்தப் பூட்ட எடுத்துடும்மா. நம்ம வீட்டு மோட்டார எவன் தேடிவந்து போடப் போறான்?”

எடுத்துவிட்டேன். அப்பா அதோடு நிற்கவில்லை. அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் படம் போடுகிற பொதுப் பக்கத்தில், ‘என் மக செஞ்சது’ என்று சுட்டியையும் சேர்த்துப் போட்டார். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது.

குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்தோம். முளைகட்டிய விதையைத் தெளித்து, மறுநாள் காலையில் தண்ணீரை வடித்து, வாய்க்கால் தண்ணீர் எதிர்த்து ஏறாமல் மடையை அடைத்துவிட்டு, மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்கால் இருந்த இடத்தில் குளம். பாய்ந்த வேகத்தில் விதையெல்லாம் அடித்துப்போய் ஒரு மூலையில் சேறோடு குவிந்து கிடந்தது.

“யாரு போட்டா?” என்றாள் அம்மா.

“நா இல்லம்மா. அப்பாவும் இல்லயாம்.”

சர்வர் பதிவைத் திறந்து பார்த்தேன். மனிதர் யாரும் போடவில்லை. இணையத்தில் கண்ட சுட்டியையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டே போகும் தேடுநிரல் ஒன்று, முதலில் ‘நிறுத்து’வையும் பிறகு ‘போடு’வையும் திறந்திருந்தது. என் பக்கத்தில் சுட்டியைத் திறந்தாலே போதும், மோட்டார் ஓடும். அதற்குக் கீழே, லேப்டாப்புக்குள்ளேயே நுழையப் பார்த்த வேறு யார் யாருடைய தடங்களோ வரிவரியாக இருந்தன.

“ஆளே இல்லாம எப்படிடி ஓடும்?”

“மெஷின்மா. தெருத்தெருவாப் போயி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தள்ளிப் பாக்குற மாதிரி.”

“அப்ப நீ கதவச் சாத்தியிருக்கணும்.” அம்மா கத்தவில்லை. “இதுக்கு நா நொண்டிக்கிட்டே போயி நிறுத்தியிருப்பேன்.”

மறுபடி தெளிக்க வீட்டில் விதை இல்லை. வாங்கித் தெளித்தாலும் நாள் தள்ளிப்போய் அறுப்பு மழையில் மாட்டும். அப்பா போனில், “சரி, விடு” என்றார். அம்மா ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து மூன்று ஃபியூஸையும் பிடுங்கிவந்து அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டாள்.

ரவுட்டரில் திறந்த வழியை அடைத்தாயிற்று. இனி எங்கள் போன்களில் நான் வைக்கும் டிஜிட்டல் சாவி இருந்தால்தான் பக்கமே திறக்க வேண்டும். கடவுச்சொல் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓட வேண்டும், யாரும் கவனிக்காவிட்டால் தானாக நிற்கவும் வேண்டும். அம்மாவிடம் சொன்னேன்.

“மொதல்ல ஒரு பல்ப மாட்டு. நாம போடாம அது எரியாம இருக்கட்டும். அப்பறமா ஃபியூஸக் கேளு.”

நாளைக்குப் பெட்டியிலிருந்து போர்டைக் கழற்றிவந்து, கூடத்தில் அம்மா கண்ணில் படுகிற இடத்தில் ஒரு பல்பை அதில் மாட்டப் போகிறேன்.