பெரிய வீட்டுச் சுவரில் ஒட்டிய காகிதம்

கெசையா மருத்துவச்சி. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஹாக்கில் வரிசையின் பதினான்கு வீடுகளிலும் பிறந்த குழந்தைகளில் முக்கால்வாசி அவள் கையில் விழுந்தவைதான். கைராசிக்காரி; வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த வீடுகளும் சரி, அவற்றின் கீழே கிடந்த நிலக்கரியும் சரி, ராவன்ஸ்கார் பிரபு குடும்பத்துடையவை.

1896 வசந்தத்தில் முதல் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. பிறகு இரண்டாவது வீடு. கெசையாவுடையது ஒன்பதாவது.

"கரி வெட்டுறதால இல்ல. கட்டடத்துக்கு வயசாச்சு. பயமா இருந்தா காலி பண்ணிடுங்க" என்றார் சுரங்க மேலாளர் டைசன். காலி செய்துவிட்டு எங்கே போவது? பிரபுவின் கூரையை விட்டால் அந்த ஊரில் வேறு கூரையே கிடையாது.

அன்று மாலை கணவன் ஈனாக் அடுப்பருகே தொட்டியில் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகில் அப்பியிருந்த கரியைத் தேய்த்தபடி கேட்டாள். "பிரபுவோட பெரிய வீடு நம்ம வீட்டைவிட நூறு வயசு மூத்தது. அது ஏன் விரியல?"

"அதுக்குக் கீழ ஒரு கூடைகூட வெட்டக்கூடாதுன்னு உத்தரவு. நாங்க அதைச் சுத்திக்கிட்டுதான் போறோம்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

கோபத்தில் அவள் தேய்த்த தேய்ப்பில் சோப்பு அவன் கண்ணுக்குள் போனது. மறுநாளே மாவுப் பசை காய்ச்சி, வீடு வீடாகச் சுவர்களின் குறுக்கே காகிதத் துண்டு ஒட்டித் தேதி எழுதினாள்; சுவர் அசைந்தால் காகிதம் கிழியும், கிழிந்த தேதியையும் அதிலேயே குறிப்பாள். மருத்துவச்சிக்கு எந்தக் கதவு அடைபடும்? சுரங்கத்தில் ஈனாக் வெட்டிக்கொண்டு வந்த திசையிலேயே, மேலே ஒவ்வொரு வீடாகக் காகிதம் கிழிந்தது. டைசன் சிரித்தார்.

"காகிதம்னா கிழியத்தாம்மா செய்யும்."

செப்டம்பரில் பிரபுவின் மனைவி சீமாட்டிக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்த்துத் தேநீர் குடித்துவிட்டு வர, வழக்கம்போல் வரிசைப் பெண்களுக்கு அழைப்பு வந்தது. எல்லோரும் கேக்கில் மும்முரமாக இருந்தபோது, கெசையா மடியிலிருந்து பசைக் கிண்ணத்தை எடுத்து, கணப்பருகே முடிபோல் ஓடிய ஒரு கீறலின் குறுக்கே காகிதம் ஒட்டினாள். திரும்பினால் சீமாட்டி நிற்கிறாள்.

"என்ன பண்றே?"

"உங்க வீட்டுக்கும் வயசாச்சேம்மா. இது கிழிஞ்சா டைசன் ஐயா சொல்றது சரி. கிழியலன்னா எங்க சுவரையும் ஒரு நடை வந்து பாருங்க."

திரும்பும் வழியெல்லாம் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "உன் வாயால நாங்களும் தெருவுக்குத்தான்டி வரப்போறோம்." கெசையாவுக்கும் பயம்தான். தன் வீட்டோடு மற்றவர்கள் வீட்டையும் பணயம் வைத்துவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அடுத்த மார்ச்சில் எட்டாவது வீட்டுக் காகிதம் கிழிந்தது. அந்த வாரமே சீமாட்டியின் வண்டி வரிசையில் வந்து நின்றது. அவள் வீடு வீடாக நுழைந்து, கிழிசலில் விரல் வைத்துத் தேதிகளை வாய்விட்டுப் படித்தாள். கூட வந்த டைசன் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது வீட்டில் காகிதம் முழுசாக இருந்தது.

"எங்க வீட்டுலயும் கிழியல. மாசாமாசம் பார்த்தேன்" என்றாள் சீமாட்டி.

பிரபுவின் உத்தரவு வர இரண்டு வாரம் ஆனது. எட்டு வீடுகளுக்கு இரும்புக் கம்பி பூட்டிச் சுவரைப் பழுதுபார்த்தார்கள். மிச்ச வீடுகளுக்குக் கீழே கிடந்த கரி என்ன ஆனது என்பதை ஈனாக் வந்து சொன்னான். அன்று அவன் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னிக்கு நம்ம வீட்டைச் சுத்திக்கிட்டுப் போனோம், கெசையா."

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். அதன்பின் ஒவ்வொரு வசந்தத்திலும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது, ஈனாக் அந்தக் காகிதத்தைச் சுற்றித்தான் அடித்தான்.