மில் பஸ்ஸும் அக்காவின் கையும்

வேடசந்தூர் மில் பஸ் எங்கள் வாசலில் உறுமிக்கொண்டு நின்ற காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, மில் வேலை நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. ஏறுவதற்கு ஆளில்லாத வீட்டின் முன்னால் பஸ் நிற்கக் காரணம் அவளுடைய வலது கை. வாசலில் உட்கார்ந்திருந்தவளின் கை தானாக எழுந்து வீசியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்கிறாள் என்று டிரைவர் நினைத்துவிட்டார்.

அந்தக் கை முதலில் அசைவில்லாமல் கிடந்தது. ஒரு நாள் கஞ்சி குடிக்கும்போது விரல்கள் ஆடின. "கை வந்திருச்சு" என்று தெருவே சொன்னது. நான் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். ஆட்டம் கூடக் கூடச் சந்தோஷப்பட்டோம். கை சுவரில் மோதி ரத்தம் வந்த பிறகுதான் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். "இது கை குணமானதில்ல. மூளையில பாதிச்ச எடந்தான் கைய ஆட்டுது. அவங்க ஆட்டல" என்றார் டாக்டர்.

மாத்திரையில் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அக்காவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழுவாள், உட்காருவாள், காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். தூங்கினால் மட்டும் கை அடங்கும். இது அடுத்த கைக்கும் வந்துவிடுமோ என்று நான் அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். யாரிடமும் கேட்கவில்லை, டாக்டரிடம்கூட.

பஸ் மறுபடியும் மறுபடியும் நின்றது. நாலு பேர் முன்னால் பேச வராத நான், ஒரு நாள் டிரைவரிடம் போய், "வலக்கை தூக்குனா நிக்க வேணாம்ணே. அது அவங்க தூக்குறதில்ல" என்றேன்.

"அப்ப எடக்கையத் தூக்குனா?" என்றார் அவர். அக்காவோடு மில்லில் வேலை பார்த்த ஜன்னலோரப் பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு பஸ் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போகும். வலது கை அதன் பின்னால் வீசிக்கொண்டே இருக்கும்.

நேற்றுக் காலையும் ஹாரன் கேட்டது. அக்காவின் இடது கை மேலே எழுந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டேன். அது உதறவில்லை. என் பிடிக்குள் நிதானமாக இருந்தது.

"விடுறா" என்றாள் அக்கா, குழறலாக. "இத நாந்தேன் தூக்குனேன். செத்த நேரம் அவளுகளப் பாக்கணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். பஸ் எங்கள் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது.