பாச்சை உருண்டை தின்ற கல்யாண சிடி

போன டிசம்பரில் நானும் என் தங்கச்சி மகள் ஷிஃபாவும் தென்காசியிலிருந்து மும்பைக்குப் போய்வந்தோம். போனது அவளுடைய அத்தாவின், அதாவது அப்பாவின், குரலைத் தேடி.

ஷிஃபா கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் அத்தா விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். போட்டோ இருக்கிறது, குரல் கிடையாது. அப்போது யார் கையில் ரெக்கார்ட் செய்கிற போன் இருந்தது? இருந்ததெல்லாம் ஒரு கல்யாண வீடியோ சிடி. மாப்பிள்ளைக்கு மும்பையில் வேலை, லீவு கிடைக்காததால் கல்யாணத்தை அங்கே தாராவியிலேயே வைத்தார்கள். நான் அப்போது நிறைமாதம், போகவில்லை. பிறகு அவர் ஊருக்கு வந்தபோது "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டதோடு சரி.

என் தங்கச்சி மைமூனுக்கு அந்த சிடியைப் போட்டுப் பார்க்க மனசு வரவே இல்லை. கல்யாணப் பட்டுக்குள் சுற்றி, நாலு பாச்சை உருண்டையைப் போட்டு, பீரோவில் பூட்டிவிட்டாள். இருபது வருஷம் கழித்து மகள் நச்சரித்து எடுத்துப் பார்த்தால், பெட்டியின் பிளாஸ்டிக் இளகி சிடியோடு பிசின் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. பாச்சை உருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்குக்கு ஆகாதாம். சிடியை எந்தப் பூச்சி அரிக்கப்போகுதுடி என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சேலையை மடித்து உள்ளே வைத்தேன்.

வீடியோ எடுத்த கனி பாய் இன்னும் தாராவியில்தான் கடை வைத்திருக்கிறார் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். உடனே டிக்கெட் போட்டோம். திருநெல்வேலியில் ஏறினால் தாதரில் இறங்கலாம். ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், ஸ்லீப்பருக்கு எண்ணூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், வண்டிச் சாப்பாட்டை நம்பாதீர்கள். தாதருக்கு அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா, டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கே இரண்டு கட்டில் போட்ட ரூம் ஆயிரத்து எண்ணூறுக்குக் கிடைத்தது. ஒரு கட்டில் ஆடியது. காலையில் வாசலைத் தாண்டினால் இட்லியும் ஃபில்டர் காபியும், பூக்கடையில் கட்டிய மல்லிகையும். தென்காசியை விட்டு வந்த மாதிரியே இல்லை.

மாட்டுங்காவிலிருந்து தாராவியில் தொண்ணூறு அடி ரோடு என்ற தெருவுக்கு டாக்ஸியில் எழுபது ரூபாய் ஆனது. டிரைவர் ஆண்டாப் ஹில்லில் இருக்கிற சங்கரன்கோவில்காரர். கனி பாய் கடை என்றதும், "என் கல்யாணமும் அவரு எடுத்ததுதான்" என்று சொல்லி, ரோட்டோரம் நிறுத்தாமல் சந்து முனைவரை கொண்டுபோய் விட்டார்.

கடை ஒரு கட்டில் போடும் அகலம்தான். கனி பாய்க்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கல்யாண வருஷத்தையும் மாசத்தையும் சொன்னதும் மர அலமாரியைத் திறந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டினார். அது டக் டக் என்று அடித்துக்கொண்டதே தவிரத் திறக்கவில்லை. வேறு வயர் போட்டுப் பார்த்தார், வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். ஷிஃபா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வந்து இதுவும் பீரோ கதைதானா என்று நினைத்தேன்.

அவர் பதறவே இல்லை. "இது போயிருச்சும்மா. டென்ஷன் எடுக்காதீங்க, இதே சாமான் செம்பூர்ல இருக்கு. அங்கயும் இல்லன்னா வாஷியில மக வீட்டுல இருக்கு" என்றார்.

சயானில் ரயிலேறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறினால் செம்பூர். அவரும் கூடவே வந்தார். வழியில் விஷயத்தைச் சொன்னார். மைமூன் கல்யாணத்துக்கு முந்தின ஒரு மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து கேசட்டெல்லாம் ஊறிப்போனதாம். வந்து நின்ற குடும்பங்களுக்குப் பதில் சொல்ல முடியவில்லையாம். அதிலிருந்து எல்லாக் கல்யாணமும் மூன்று இடத்தில். தாராவி தாழ்வு, அதனால் செம்பூரில் மச்சினர் வீட்டு மூன்றாம் மாடி. ஊரே முங்கினாலும் இருக்கட்டும் என்று கழிமுகம் தாண்டி வாஷியில் மகள் வீடு.

அதைவிட என்னை வாய்பிளக்க வைத்தது அவருடைய நோன்பு மாதம். அந்த மாதம் எங்கள் ஆட்களிடம் கல்யாணம் கிடையாது, கேமராவுக்கு வேலை இல்லை. அந்த முப்பது நாளும் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறார்கள். தலைப்பு, நிக்காஹ், கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். தடுமாறுகிற டிஸ்க்கிலிருந்து புதுசுக்கு மாற்றுகிறார்கள். கேசட்டிலிருந்து சிடி, சிடியிலிருந்து கம்ப்யூட்டர், அங்கிருந்து ஹார்ட் டிஸ்க் என்று பால் பாத்திரம் மாறுகிற மாதிரி மாறி மாறி வந்திருக்கிறது என் தங்கச்சி கல்யாணம். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை.

"திறந்து பாக்காம, இருக்குன்னு எப்படிம்மா சொல்லுறது?" என்றார்.

அல்லாஹ், நாங்கள் இருபது வருஷம் திறக்காமல் அல்லவா காப்பாற்றினோம்!

செம்பூரில் மச்சினர் பெண்டாட்டி டீ போட்டுக்கொண்டே சாவியைக் கொடுத்தார். துணி அலமாரியின் மேல்தட்டில் ஷூ பெட்டிகள், ஒவ்வொன்றிலும் டிஸ்க்குகள். எத்தனை வீட்டுக் கல்யாணம் அந்தத் தட்டில் இருக்கிறது! இறந்தவர்கள், பிரிந்தவர்கள், துபாய்க்குப் போனவர்கள் எல்லாரும் அங்கே மாலையோடு இருக்கிறார்கள்.

கனி பாய் ஒரு டிஸ்க்கை எடுத்து அங்கிருந்த டிவியில் மாட்டினார். ஓடியது.

மாலையும் வியர்வையுமாக மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். கேமரா கிட்டே போகிறது. நிமிர்ந்து ஒரே அதட்டல்: "ஏய் வீடியோ, என்னையே எத்தனை நேரம் புடிப்ப? வெளிய பெரியவங்க நிக்காங்க பாரு, மொதல்ல நாற்காலி போடச் சொல்லு!"

கனி பாய் சிரித்தார். "என்னைத்தான் ஏசுறாரு."

ஷிஃபா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "இவ்வளவு சத்தமாவா பேசுவாரு? காதைக் குடுத்தாத்தான் கேக்கும், அவ்வளவு மெதுவாப் பேசுவாருன்னுல்ல அம்மா சொல்லியிருக்கா" என்றாள். பிறகு திரும்பப் போடச் சொன்னாள். எத்தனை தடவை போட்டோம் என்று தெரியாது, டீ ஆறிப்போனது. கிளம்பும்போது கனி பாய் வீடியோவை என் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. உங்கள் வீட்டு சிடி, பழைய போன், பென் டிரைவ் எதுவானாலும் இந்த வாரமே திறந்து பாருங்கள். ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் இன்னொன்றை வேறு ஊரிலும் வையுங்கள். வருஷத்தில் ஒரு மாதத்தை இதற்கென்று குறித்துக்கொள்ளுங்கள். கல்யாணம் எடுத்தவர் உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள், போகும்போது ஒரு புது ஹார்ட் டிஸ்க் வாங்கிப்போங்கள். கனி பாய் காசு வாங்கமாட்டேன் என்றார், டிஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டார். பாச்சை உருண்டை சேலைக்கு மட்டும் போதும்.

திரும்புகிற அன்று தாதர் பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் ஷிஃபா அம்மாவுக்குப் போன் போட்டாள். ஒன்றும் சொல்லாமல் என் போனில் வீடியோவை ஓடவிட்டு, தன் போனைப் பக்கத்தில் பிடித்தாள். அதட்டல் முடிந்தது.

"அவருதான்" என்றாள் மைமூன். பிறகு சொன்னாள்: "அவரு குரலு எனக்கும் மறந்துபோச்சு, ஷிஃபா. நீ சின்னப் பிள்ளையில கேட்டுக்கிட்டே இருப்ப. தெரியலன்னு சொல்ல வாய் வரல. அதான் மெதுவாப் பேசுவாருன்னு சொல்லிட்டேன்."

ஷிஃபா மூக்கை உறிஞ்சினாள். "சரிம்மா. இன்னொரு தடவை போடவா?"

"போடு. நல்லாச் சத்தமா வை."