ஈ, தா, கொடு

எனக்கு ஒருவர் மேல் ஆறாத வன்மம் உண்டு. மறைக்க மாட்டேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அவர்.

ஜவ்வாது மலையிலிருந்து கடலோரத்துக்குப் போய், அலையாத்திக் காட்டில் ஈ பிடித்தவள் நான். கொசுவைவிடச் சின்ன ஈ, பச்சையாக மின்னும். தண்ணீர் வடிந்ததும் மரத்தின் மூச்சு வேர்களில் வந்து உட்காரும். முழங்கால் சேற்றில் நின்று வலை வீசியது நான். படகில் உட்கார்ந்தபடி "அதக் கொடு, இதக் கொடு" என்றது அவர். பள்ளியில் எல்லோரும் படித்த இலக்கணம் எனக்கு அப்போது நினைவுக்கு வரும்: உயர்ந்தவர் கேட்டால் கொடு, சமமானவர் கேட்டால் தா, தாழ்ந்தவர் கேட்டால் ஈ.

அந்தக் கரையில் அதுவரை யாரும் பதிவு செய்யாத ஈ அது. எனக்குத் தெரியாமல் அவர் கட்டுரை எழுதி அனுப்பினார். கண்டுபிடித்தவர்கள் என்று அவர் பெயர், அவர் மருமகன் பெயர். மருமகனின் காலில் ஒருநாளும் சேறு பட்டதில்லை. என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், அதுவும் எழுத்துப்பிழையோடு. அன்றே ஊருக்கு வந்துவிட்டேன்.

அவசரத்தில் அவர் ஒன்றைக் கோட்டை விட்டிருந்தார். இந்த ஈயில் பெண்ணை வைத்து எந்த இனம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆணின் வால் நுனியைப் பார்க்க வேண்டும். அவர் கையில் இருந்ததெல்லாம் பெண். கடற்காற்றில் பூஞ்சை பிடிக்கிறதென்று ஆண் ஈக்களை நான் முன்பே, அவருக்குத் தெரிந்தே, பெட்டியில் வைத்து மலைக்குக் கொண்டுவந்திருந்தேன்.

ஆணைக் காட்டுங்கள் என்று மற்ற ஆய்வாளர்கள் அவரை நெருக்கினார்கள். ஒருநாள் ஆலங்காயம் வழியாகக் காரில் மலையேறி எங்கள் வாசலில் வந்து நின்றார். களத்தில் புளி அடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னா சார், ஒரு ஈக்கோசரமா இம்மாந்தூரம் வந்தீங்க? எங்க வூட்ல இல்லாத ஈயா?"

அவர் சிரிக்க முயன்றார். "அந்தப் பெட்டியக் கொஞ்சம் தாம்மா" என்றார் என்னிடம்.

கொடு போய் தா வந்திருந்தது. எனக்குப் போதவில்லை.

"சார், இன்னும் ஒரு படி கீழ எறங்கிக் கேளுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. புளியங்கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "ஈ" என்றார்.

"அதான் ஈன்றாரே, குட்த்து அனுப்பேன்" என்றாள் அம்மா.

பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் திறந்தேன். உள்ளே பாச்சை உருண்டை மட்டும் உருண்டது. ஆண்களை எப்போதோ வேறொரு ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டதையும், அந்த ஈ அவர் எழுதிய இனமே இல்லை என்று உறுதியானதையும், பதிவு என் பெயரில் அச்சுக்குப் போய்விட்டதையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர் திரும்பி நடந்தார். கார் கதவைத் திறக்கும் வரை பொறுத்திருந்தேன்.

"நன்றி சொல்ற எடத்துல உங்க பேர் போட்டிருக்கேன் சார். தப்பில்லாம."