முந்திரிப்பருப்பு அளவு இலங்கை

மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் விரிசல் விழுந்த நாள் எனக்கு நன்றாகத் தெரியும். ரஜப் பிறை பார்த்த மறுநாள், வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குச் சற்று முன். முற்றத்தில் காய்ந்த மிளகை அள்ளிக்கொண்டிருந்தேன். பார லொறி ஒன்று நிலத்துக்கு அடியில் போவதுபோல ஓர் உறுமல். அலுமாரிக்குள் கோப்பைகள் கிணுகிணுத்தன. அவ்வளவுதான்.

நோன்புப் பெருநாள் கழித்து என் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கிழக்குக் கரையோரத்துப் பிள்ளை. கல்யாணத்துக்குப் பின் எங்கள் வீட்டோடு இருப்பதாகப் பேச்சு. இந்த நேரத்தில், மாத்தளைக்கு அடியில் பூமி இரண்டாகப் பிளக்கிறது என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றியது. அடுத்த ஞாயிறே மாப்பிள்ளையின் உம்மா வேன் பிடித்து வந்துவிட்டார். 2004 டிசம்பர் 26 அன்று அவருடைய மூத்த மகனைக் கடல் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியவர் இந்த ஒரு மகன்தான்.

பெண்களுக்கு உள்ளறையில் சஹன் வைத்தோம். ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு, சுற்றி ஆறு பேர், ஆளுக்கு முன்னால் அவரவர் பங்கு. விருந்தாளி கை வைக்காமல் மற்றவர்கள் தொடமாட்டார்கள். அவர் கை வைக்கவில்லை.

“மகன இஞ்ச உட்டுட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுற?” என்றார்.

திரைக்கு இப்பால் தண்ணீர்ச் செம்போடு நின்ற எனக்கு இடுக்கு வழியே உள்ளே நடப்பது தெரிந்தது. என் தங்கச்சி பேசினாள். பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறவள்.

“நீங்க சாப்பிட வேணாம் ராத்தா. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க. பூமியோட மேலோடும் இப்படித்தான், பங்கு பங்கா இருக்கு. புவித்தகடுன்னு சொல்றோம். எல்லாம் மெதுவா நகருது. ரெண்டு பங்கு சந்திக்கிற எல்லையிலதான் பெரிய கூத்தெல்லாம்.”

தன் பங்குச் சோற்றைப் பக்கத்துப் பங்கின் மேல் தள்ளினாள். இரண்டும் முட்டி மேடாக எழுந்தன. “இது இமயமலை.” இன்னொரு பக்கம் சோற்றை விலக்கித் தட்டின் அடி தெரியக் காட்டினாள். “இப்படிப் பிரிஞ்சா கீழயிருந்து நெருப்புக் குழம்பு வந்து புதுத் தரையாகும். சில இடத்துல ஒன்னையொன்னு உரசிக்கிட்டே போகும்.”

“சோத்துல விளையாடாதீங்க மதினி,” என்றாள் என் மனைவி. “நம்ம நாடு எங்க?”

தங்கச்சி தன் பங்கின் நடுவில் ஒரு முந்திரிப்பருப்பை வைத்தாள். “இந்தா. பசிச்சாலும் கடிச்சிடாதீங்க.”

அந்த உம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப கடல் ஏன் வந்திச்சி?”

தங்கச்சி கொஞ்சம் தயங்கினாள். பிறகு விரல்களை அடுத்த பங்குச் சோற்றுக்கு அடியில் மெல்ல நுழைத்தாள். “சுமாத்ராப் பக்கம் நம்ம தகடு அடுத்த தகட்டுக்குக் கீழ போகுது ராத்தா. போகும்போது மேல இருக்கிற தகட்டோட ஓரத்தையும் கீழ இழுத்துக்கிட்டே போகும். ஒரு நாள் பிடி விட்டு, அந்த ஓரம் மேல எம்பிச்சு. கடலையும் சேர்த்துத் தூக்கிடுச்சு.”

அவர் அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க வந்தது, எல்லையில முட்டுற அழுத்தம் உள்ள வரைக்கும் பரவி, ஏதோ பழைய வெடிப்பு கொஞ்சம் அசைஞ்சதா இருக்கலாம்.”

“இனி ஆடாதெண்டு சொல்லுவியா?”

ஆடாது என்று ஒரு சொல் சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். என் மனைவி அவளைக் கண்ணால் கெஞ்சினாள்.

“சொல்லமாட்டேன் ராத்தா. அது யாராலயும் முடியாது. எல்லை தூரத்துல இருக்கு, அதனால அங்க மாதிரிப் பெருசா வர்றது இங்க அபூர்வம். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் பொய் சொல்லியிருப்பேன். என் வாப்பாவின் மகள் சொல்லவில்லை.

“இத்தன வருசமா எல்லாரும் பொறுமை, பொறுமை எண்டாங்க,” என்றார் அந்த உம்மா. “ஏன் வந்திச்சி எண்டு ஒராளும் சொல்லல்ல.” பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றில் கை வைத்தார். “நாள மாத்த வேணா. அந்தச் சுவர மட்டும் நல்லாக் கட்டிப் போடுங்க.”

கட்டினோம். பெருநாள் கழித்து ஷவ்வால் மாதம், குறித்த நாளிலேயே நிக்காஹ் நடந்தது. அன்று பெண்கள் பக்கம் முதல் சஹன் வைத்தும் சாப்பாடு தொடங்கவில்லை என்று ஆள் ஓடிவந்தது. பதறிப் போய்க் கேட்டேன்.

“உங்க தங்கச்சி பந்தி பாக்குறாங்க. சம்பந்தி அவங்கள வரச் சொல்றாங்க,” என்றாள் என் மனைவி.

திரைக்குள்ளிருந்து அந்த உம்மாவின் குரல் கேட்டது: “அந்த டீச்சர் வந்து என்ட பக்கத்தில இருந்தாத்தான் நான் கை வெப்பன்.”