படகுத்துறை மார்லிஸ்

செத்த வாத்தின் இறக்கையை விசிறிபோல விரித்துப் பிடித்தபடியே மார்லிஸ் ட்வைட் கேட்பார்: "செத்தப்புறம் பேர் கேக்கறீங்களே, சுடறதுக்கு முன்னாடி கேக்கத் தோணாதா?" எதிரே சேறு சொட்ட நிற்கும் வேட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். பதில் கிடைத்ததும் படகுக்கு ஓடிவிடுவார்கள்.

மிசிசிப்பிக் கரையில், எங்கள் ஊர் படகுத்துறையை ஒட்டித் தூண்டில் புழுவும் தோட்டாவும் விற்கிற கடை அந்த அம்மாவுடையது. நவம்பர் வந்தால் முக்குளி வாத்துகள் ஆற்றை மூடிவிடும். ஆண் பறவைகளை இன்ன இனம் என்று யாரும் சொல்லிவிடலாம். பெட்டைகள் எல்லாம் ஒரே பழுப்பு. கேன்வாஸ்பேக் என்கிற இனத்தை ஒரு நாளைக்கு இத்தனை என்ற அளவுக்கு மேல் சுட்டால் உரிமம் போய்விடும் என்பதால், சந்தேகம் வந்தவர்கள் மார்லிஸிடம்தான் வருவார்கள். "மண்டையப் பாருப்பா. நெறம் ஏமாத்தும்" என்பார். நெற்றியும் அலகும் ஒரே சரிவாக இறங்கினால் கேன்வாஸ்பேக். மண்டை உருண்டு நின்றால் ரெட்ஹெட், வேறு இனம்; அதற்குக் கணக்கு தனி.

பேர் கேட்க வராமல், மார்லிஸுக்காகவே வந்தவர் வெண்டல் கிராட் ஒருவர்தான். ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் படகைக் கட்டிவிட்டு வந்து, கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். இருவரும் அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் வருகிற நாட்களில் மார்லிஸ் தலைவாரியிருப்பார்.

போன வருடம் ஒரு மூடுபனிக் காலையில் வெண்டல் ஒரு பெட்டையைக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்தார். அவருடைய அன்றைய கேன்வாஸ்பேக் கணக்கு அதற்குள் முடிந்திருந்தது. வேட்டை அதிகாரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

"ரெட்ஹெட்னு சொல்லிடு, மார்லிஸ். உனக்கென்ன போகுது?"

நான் அலமாரிப் பக்கம் தோட்டா பொறுக்கிக்கொண்டு நின்றேன். அதிகாரி உள்ளே வந்து பறவையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று மார்லிஸைக் கேட்டார். மார்லிஸ் அதன் நெற்றியை விரலால் ஒருமுறை நீவினார்.

"கேன்வாஸ்பேக். பெட்டை."

வெண்டலின் உரிமத்தை அந்தப் பருவம் முழுக்க நிறுத்திவைத்தார்கள். அவரும் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மார்லிஸைக் கேட்டேன். வேறு விஷயமென்றால் பொய்கூடச் சொல்லியிருப்பாராம். கையில் பறவை இருக்கும்போது வாய் வரவில்லையாம். அதன்பிறகு சாயங்காலங்களில் வானொலியை உரக்க வைக்கத் தொடங்கினார். வியாபாரம் குறையவில்லை. ஆட்கள் வந்தார்கள், பேர் கேட்டார்கள், போனார்கள்.

இந்த வருடம் வெண்டலுக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், துறையில் படகைக் கட்டாமலே எழுந்து நின்று, கடை ஜன்னலைப் பார்த்து ஒரு சிறு வாத்தின் இறக்கையை விரித்துப் பிடித்தார். நடுவில் வெள்ளைக் கோடு. புளூபில் என்கிற இனம்; சுடத் தடையில்லை. மார்லிஸ் கண்ணாடிக்கு அருகே போய்த் தலையசைத்தார். வெண்டல் அதைப் படகுக்குள் போட்டு, மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

படகு ஆற்று நடுவிலிருந்த தீவைச் சுற்றி மறைந்த பிறகும் மார்லிஸ் ஜன்னலருகே நின்று தலையசைத்துக்கொண்டிருந்தார்.