எண்ணெய் காட்டிய கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை விலை மதிக்க ஒருவர் வந்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் என்று எழுதும்போதே அசதியாக இருக்கிறது. எண்பத்து நான்கு வாக்கில் வந்த மெஷின், அதற்கு வயது பதினான்கோ பதினைந்தோதான். எனக்கு இன்னும் முப்பத்து நான்கு முடியவில்லை. அதற்குள் நான் தொழில் கற்ற மெஷின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சாமானாகிவிட்டது. அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்கு இன்னும் பழசாகவில்லை. கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் போதும்.

வந்தவர் சேலையூர்க்காரர். பல வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். மாடியில் ஓர் அறை முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்களாகச் சேர்த்து வைத்திருக்கிறாராம். என்னோடு வேலை செய்கிற பெண் சொல்லித்தான் அவருக்குப் போன் செய்தேன். போனிலேயே கேள்விகளாகக் கேட்டார். அட்டைப்பெட்டி இருக்கிறதா, கூட வந்த புத்தகம் இருக்கிறதா, மேல்மூடி மஞ்சளாகிவிட்டதா, அடியில் நம்பர் ஒட்டிய சீட்டு கிழியாமல் இருக்கிறதா, எழுத்து விசைகள் எல்லாம் இருக்கின்றனவா, கடைசியாக எப்போது ஓடியது. என்னைப் பெண் பார்க்க இரண்டு முறை வந்தார்கள். அவர்கள்கூட இவ்வளவு கேட்கவில்லை. பஜ்ஜி யார் போட்டது என்று மட்டும்தான் கேட்டார்கள்.

ஞாயிறு பத்து மணிக்கு வரச் சொன்னேன். அந்த நேரத்தில் அப்பா செம்பாக்கம் ஏரிப் பக்கம் கூட்டாளிகளைப் பார்க்கப் போய்விடுவார். அந்த மெஷினை யாராவது திறந்து பார்க்கிற நாள் வந்தால் அப்பா பக்கத்தில் இருக்கக் கூடாது என்று பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஆனால் அன்றைக்குப் பார்த்து அப்பா ஒன்பது மணிக்கே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏரிக்குப் போகலையாப்பா?"

"இன்னா கண்ணு நீ, எவ்ளோக்கு எடுக்கறாருன்னு பாக்க வாணாமா? வாங்கினவன் நான் ஆச்சே."

அவர் வாங்கியதுதான். அப்போது நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். சுற்றிலும் நெல் வயல். மழைக்காலத்தில் தாம்பரம் போவதற்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்பா குவாரியில் பாறையில் துளை போடுகிற மெஷின் பிடித்தார். வீட்டுக்கு வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதனால் எனக்குத் தலைக்கனம் நிறைய. தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். படித்து முடித்ததும், எழுதியவர் செய்த பிழைகளையும் சேர்த்துச் சொல்வேன். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் சொல்வேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். செருப்பை வாசலில் விட வேண்டும். உள்ளே ஏ.சி. எங்கள் ஏரியாவில் அதற்கு முன் நான் ஏ.சி.யை உணர்ந்த ஒரே இடம் ஒரு நகைக்கடை வாசல், அதுவும் கதவு திறந்து மூடுகிற நேரத்தில். சென்டரில் மெஷின்கள் மூன்று, நாங்கள் முப்பது பேர். முறை வருகிறவரை எழுத்துகளைப் பேனாவால் வரைந்த அட்டையை மடியில் வைத்துத் தட்டிப் பழகுவோம். அட்டையில் நான் ரொம்ப வேகம். நிஜ மெஷினில் உட்கார்ந்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவேன்.

படித்து முடித்து அங்கேயே சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தேன். பிறகு சென்டர்காரர்கள் புதிய பெரிய கம்ப்யூட்டர்களை வாங்கி, பழைய மூன்றையும் கழித்துவிட்டார்கள். அதில் ஒன்றை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பா வாங்கிவந்துவிட்டார். குவாரியில் மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்திருந்தது. தடித்த துண்டில் சுற்றி, தாம்பரத்திலிருந்து மார்போடு அணைத்தபடி நடந்தே வந்திருந்தார். பஸ்ஸில் வந்தால் குலுங்குமாம்.

"தையல் மெஷினு ஒண்ணு வூட்ல இருந்தா பொம்பளப் புள்ள யாரையும் நம்பி இருக்க வாணாம்னுவாங்க. நீ படிச்ச புள்ள. உனக்கு இது."

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த டப்பா தைக்குமா?" என்று கேட்டாள்.

அந்த மெஷினின் காலம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். முடிந்ததால்தான் விற்றார்கள். தையல் மெஷின் முப்பது வருடம் தைக்கும். இது அப்படியில்லை என்று துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் எப்படிச் சொல்வது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த மெஷினுக்குத் தனியாகத் திரை கிடையாது. டி.வி.யில் மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் டி.வி. இல்லை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் இருந்தது. டீச்சர் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒண்டிக்கட்டை. அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதும், "அதுக்கென்னண்ணே, கொண்டாங்க" என்றார். சாயந்திரமானால் அப்பா மெஷினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு முன்னால் போவார். டேப் ரெக்கார்டரும் ஒயருமாக நான் பின்னால் போவேன். எழுதிய புரோகிராமை அப்போது பாட்டுக் கேசட்டில்தான் பதிந்து வைப்போம்.

என்ன வேலை செய்தேன் என்று கேட்பீர்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்யாணப் பொருத்தம் பார்த்தேன். இரண்டு நட்சத்திரங்களைத் தட்டினால் பத்துப் பொருத்தத்தில் எத்தனை என்று திரையில் வரும். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் இருப்பதுதான். அதை இரண்டு மாதம் உட்கார்ந்து புரோகிராமாக எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் ஜனங்கள் பறந்த காலம் அது. கேசட்டிலிருந்து மெஷினுக்குள் புரோகிராம் ஏற ஐந்து நிமிடம் ஆகும். அதுவரை டேப் ரெக்கார்டர் கீச்சென்று கத்தும். வந்தவர்கள் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு, சாமி வந்து ஆடுகிறவர் முன்னால் நிற்பது போல நிற்பார்கள். பெருங்களத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அச்சடிக்கிற மெஷின் இல்லாததால் வந்ததைப் பார்த்து நானே காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். "இன்னாம்மா, கைல எழுதித் தர? இத்த எங்க வூட்டாண்ட ஐயரே எழுதுவாரே" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

டி.வி.க்கு மேலே சுவரில் ஏசுநாதர் படம். "அவருக்குக் கீழ உக்காந்து நட்சத்திரம் பாக்குறோம். கர்த்தர் என்னை என்ன கேக்கப் போறாரோ" என்று டீச்சர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே வந்தவர்களுக்குக் காபியும் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாது. அன்று சாயந்திரம் தெருவே அங்கே சினிமா பார்க்க வந்துவிடும். நான்கைந்து மாதம் இப்படி ஓடியது. அப்பா குவாரியில் எல்லோரிடமும் சொல்லி ஆள் அனுப்பினார். அப்படி ஒரு நடை நடந்தார் அந்த மாதங்களில்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

பொரி, பழம் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வீட்டுக்குள் ஒரு வாசனை. சந்தனம், சாம்பிராணி, அதற்கு நடுவே மெஷின் எண்ணெய். குவாரியிலிருந்து வரும்போது அப்பாவின் சட்டையில் அடிக்கிற அதே வாசனை. நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பியோடு அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் மணையின்மேல் கம்ப்யூட்டர், பொட்டு வைத்துக்கொண்டு. ஒவ்வொரு எழுத்து விசையின் இடுக்கிலும் ஒரு சொட்டு. விட்டு, விரலால் அமுக்கிப் பார்த்து, வழிந்ததைத் துணியால் ஒற்றிவிட்டு, அடுத்ததுக்குப் போனார். எழுத்துத் தெரியாதவர். ஆனால் ஒரு எழுத்தையும் விடவில்லை.

"வா கண்ணு. வாங்கி இத்தினி மாசம் எண்ணெயே காட்டல. காட்டாங்காட்டி எந்த மெஷினு ஒழைக்கும்?"

குவாரியில் மெஷின் மக்கர் செய்தால் மேஸ்திரியே அப்பாவைத்தான் கூப்பிடுவார். அந்தக் கைதான் இது. தெருவில் எல்லோர் பிழையையும் கேட்காமலேயே திருத்திய எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. "சரிப்பா" என்றேன்.

மறுநாள் மெஷின் ஓடியது. தப்பித்தோம் என்று நினைத்தேன். பத்து நாளில் ஓர் எழுத்து வேலை செய்யவில்லை. பிறகு இன்னொன்று. ஒட்டிக்கொள்கிறது போலிருக்கிறது என்று அப்பா இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தீபாவளிக்கு முன்பே மொத்தமாக நின்றுவிட்டது. ஐப்பசி மாதம், தினமும் இடியும் மழையும். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"இடி எறங்கிடுச்சுப்பா. ஆன்டெனா வழியா வந்துடுச்சு."

அப்பா நம்பிவிட்டார். ஸ்டெல்லா டீச்சர் மட்டும் மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்மா, என் டி.வி. நல்லாத்தானே ஓடுது?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நான் கிண்டியில் ஒரு வேலைக்குப் போனேன். மெஷின் பரணுக்குப் போனது. இடி இறங்கிய கதையை அப்பா ஊரெல்லாம் சொன்னார். வருடத்துக்கு வருடம் அந்த இடி பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சேலையூர்க்காரரிடமும் அதே கதையைத்தான் சொன்னார். "ஒரே வெளிச்சம் சார். மெஷினு அப்படியே குதிச்சிச்சு." அவர் தலையாட்டியபடியே மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி அவ்வளவாக மஞ்சளாகவில்லை, நல்லது. நம்பர் சீட்டு கிழியவில்லை, ரொம்ப நல்லது. ஓரத்தில் ஒரு குங்குமக் கறை, பரவாயில்லை. "இடின்னா ரெண்டு மூணு பார்ட்தான் போயிருக்கும். மாத்தி ஓட வெச்சிரலாம். ஓடிச்சுன்னா இதுக்கு நல்ல மதிப்பு" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"அப்படியே எடுத்துட்டுப் போய்ப் பாருங்களேன் சார்" என்றேன்.

"ரெண்டு நிமிஷம்மா."

மூடியைத் தூக்கினார். அந்த வாசனை ஹால் முழுக்க எழுந்தது. உள்ளே எல்லாம் பழுப்பாக, பிசினாக, தூசு அப்பிக்கிடந்தது. அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆயில்! யாரோ ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்காங்க. நானும் எத்தனையோ மெஷின் பாத்துட்டேன், கம்ப்யூட்டருக்கு ஆயில் விட்ட ஆளை இப்பத்தான் கேள்விப்படறேன். யாருங்க அது?"

நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

"நான்தான் சார்."

"நீங்களா? சாஃப்ட்வேர் கம்பெனிலதானே இருக்கீங்க?"

"ஆமா சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. இருபது வருடம் படித்துச் சேர்த்த தலைக்கனம் ஒரு நிமிடத்தில் இறங்கியது. வலிக்கத்தான் செய்தது.

"சின்னப் பொண்ணு சார் அப்ப" என்றது அப்பாவின் குரல். "அதுக்கு இன்னா தெரியும்."

அம்மா காபி டம்ளர்களோடு வந்து மூன்று பேர் முகத்தையும் பார்த்தபடியே வைத்துவிட்டுப் போனாள். விசைகளுக்கு அடியில் இருக்கிற தகடு பாழாகிவிட்டது, அது இனி உலகத்தில் எங்கும் கிடைக்காது, சும்மா அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்று சேலையூர்க்காரர் சொன்னார். அவர் சொன்ன விலைக்கு அப்போதே கொடுத்துவிட்டேன். ஸ்கூட்டரில் முன்னால் வைத்து எடுத்துப் போனார். அப்பா வாசல்வரை போய் வழியனுப்பினார்.

சாயந்திரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எண்ணெ வுட்டுத்தான் பூட்ச்சா?"

"ஆமாப்பா."

"நீ பாத்துக்கினுதான இருந்த."

"ம்."

"சொல்லியிருக்கலாமே கண்ணு. நான் இன்னா, அடிக்கவா போறேன்?"

மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

குவாரியை மூடிவிட்டார்கள். பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. முடிச்சூர் வயல்களில் வெள்ளைக்கல் நட்டு மனை போட்டாயிற்று. ஸ்டெல்லா டீச்சர் வீட்டை விற்றுவிட்டு, நாசரேத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். பொருத்தம் பார்க்க இப்போது யாரும் கீச்சுச் சத்தத்துக்குக் கைகட்டி நிற்பதில்லை. நான் தினமும் மின்சார ரயிலில் போய், யாரோ எழுதிய புரோகிராம்களில் இரண்டு இலக்கமாக இருக்கிற வருடத்தை நான்கு இலக்கமாக மாற்றுகிறேன். இரண்டாயிரம் பிறந்தால் அந்த வேலையும் இருக்காது என்கிறார்கள். இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

நேற்று மிக்ஸி ஒரு மாதிரி சத்தம் போட்டு நின்றுவிட்டது. எப்போதும் இப்படி ஏதாவது நின்றால் நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பா அதைத் தரையில் கழற்றிப் பரப்பியிருப்பார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டது.

"கண்ணு, மிக்ஸி நின்னுட்ச்சு. தொடலாமா?"

"தொடுப்பா. என்னைக் கேக்கணுமா?" என்றேன்.

ஈரத் தலையோடு வெளியே வந்து பார்த்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிக்ஸி பக்கத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.